பாடம் கிடைத்துவிட்டது, பக்கத்தில் இருப்பது யார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இலவச இணையவழிப் படிப்புகள் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மின்னணுவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கல்வியியல் என் துறை அன்று. ஆனால் இணையப் பாடங்களோடு மல்லுக்கட்டிய மாணவர்களைப் பல பருவங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

நான் சொல்லவந்தது ஒன்றே. உலகின் சிறந்த ஆசிரியர்கள் நடத்தும் பாடங்கள் இன்று காசில்லாமல் கிடைக்கின்றன. நம் தலைமுறைக்கு வாய்க்காத பேறு அது. ஆனால் பாடம் கிடைப்பது வேறு, ஒரு பிள்ளை அதைப் படித்துக் கரையேறுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் தேவைப்படுகிறார். கேட்ட சந்தேகத்துக்குப் பதில் சொல்பவர். இரண்டு வாரம் காணாமல்போனவனைக் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று விசாரிப்பவர். கணக்கு எந்த வரியில் தடம் மாறியது என்று விரல்வைத்துக் காட்டுபவர். அவருக்கு யார் செலவு செய்வது? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை வைத்திருக்கும் இடங்களில் மட்டுமே திறந்தநிலைக் கல்வி பலன் தந்திருக்கிறது.

1. நம்பிக்கை பிறந்த கதை

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடக் குறிப்புகள், தேர்வுத்தாள்கள் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக அறிவித்தது. அப்போது அதன் தலைவர் சார்லஸ் வெஸ்ட். மற்ற பல்கலைக்கழகங்கள் இணையத்தில் பாடம் விற்றுப் பணம் பண்ணலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு முடிவு எடுக்க நெஞ்சுரம் வேண்டும். 2002இல் 50 பாடங்களோடு தொடங்கி, 2007 இறுதிக்குள் ஏறத்தாழ 1,800 பாடங்களை ஏற்றிவிட்டார்கள். பட்டம் தரமாட்டோம், சான்றிதழ் தரமாட்டோம், பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சொன்னதைச் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள்.

2008இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் வேறொரு சோதனை செய்தார்கள். கட்டணம் கட்டிப் படித்தவர்கள் இருபத்தைந்து பேர் அளவில். அதே வகுப்பில் இணையம் வழியாக இலவசமாகச் சேர்ந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். பெருந்திரள் திறந்தநிலை இணையப் படிப்பைக் குறிக்கும் ‘மூக்’ என்ற பெயர் அந்தப் படிப்பையொட்டிப் பிறந்ததுதான். சேர்ந்தவர்கள் தாங்களே எழுதினார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து வாதாடினார்கள். கற்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை என்பதே அதன் அடிப்படை. பின்னால் வந்த பெரிய நிறுவனங்கள் பெயரை எடுத்துக்கொண்டு இந்த அடிப்படையை விட்டுவிட்டன என்பது என் கருத்து.

2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு உலகெங்குமிருந்து 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, யுடாசிட்டி, எடெக்ஸ் என்ற இணையப் படிப்பு அமைப்புகள் மூன்றும் களத்தில் இறங்கின. எடெக்ஸுக்காக ஹார்வர்டும் மாசசூசெட்ஸும் தலைக்கு 3 கோடி டாலர் போட்டன. பல்கலைக்கழகங்களுக்கே வேலை இருக்காது என்று அன்று பேசியவர்கள் உண்டு.

2. எண்ணிக்கை சொன்னது

2012-13இல் ஹார்வர்டும் மாசசூசெட்ஸும் எடெக்ஸில் நடத்திய 17 படிப்புகளின் கணக்கை அவர்களே நேர்மையாக வெளியிட்டார்கள். பதிவுகள் 8,41,687. சான்றிதழ் பெற்றவை 43,196. நூற்றுக்கு ஐந்து. ஆறு ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருயிபெரெஸ்-வலியென்தேயும் 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியபோது, 2017-18க்கான விகிதம் 3.13 விழுக்காடு என்று இன்னும் இறங்கியிருந்தது.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு எல்லாம் தோல்வி என்று சொல்வது நியாயமில்லை. நூலகத்தில் எடுக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் கடைசிப் பக்கம்வரை படிக்கிறோமா? ஒரு அத்தியாயம் தேவைப்பட்டு வருபவர் அதைப் படித்துவிட்டுப் போவார். அவரைப் பாதியில் விட்டவர் என்று எண்ணக் கூடாது. பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் பாதியளவினர் முடித்தார்கள் என்பதையும் அதே ‘சயன்ஸ்’ கட்டுரை காட்டியது.

என்னை உறுத்துவது வேறு. சேர்ந்தவர்களிலும் முடித்தவர்களிலும் பெரும்பகுதி ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள், வசதியான நாடுகளில் வாழ்பவர்கள். எவருக்காக இந்தக் கதவு திறக்கப்பட்டதோ அவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். தனியாகப் படிக்கும் பழக்கம் கைவந்தவருக்குத்தான் தனியாகப் படிக்கும் பாடம் உதவும். அந்தப் பழக்கத்தை யாரோ ஒருவர் பக்கத்திலிருந்து ஊட்டியிருக்க வேண்டும்.

3. ஒரே ஊரில் இரண்டு சோதனைகள்

இதில் சற்று நின்று பேச விரும்புகிறேன். என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு விதமாக இணையப் பாடங்களைப் பயன்படுத்திப் பார்த்தது. முதலாவது, 2012 இறுதியில். மாசசூசெட்ஸின் அனந்த் அகர்வால் நடத்திய மின்சுற்றுப் பாடத்தின் காணொலிகளை மாணவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வந்தார்கள். வகுப்பில் தம் சொந்த ஆசிரியரோடு குழுக்களாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 90 விழுக்காட்டுக்கு மேல் தேர்ச்சி. முன்பெல்லாம் பலர் தோற்றுக்கொண்டிருந்த பாடம் அது.

இரண்டாவது, 2013 தொடக்கத்தில். யுடாசிட்டியோடு சேர்ந்து அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் ஆகியவற்றை முழுக்க இணையத்திலேயே நடத்தினார்கள். கட்டணம் 150 டாலர்தான். ஆனால் தேர்ச்சி மிகக் குறைந்துபோய், அந்த ஆண்டு நடுவிலேயே திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அதில் சேர்ந்தவர்களில் ஏற்கெனவே கணிதத்தில் தோற்றவர்கள் இருந்தார்கள். ஏழ்மையான பள்ளிகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். சிலருக்கு வீட்டில் கணினியே இல்லை என்பது பாடம் தொடங்கிய பிறகுதான் தெரியவந்தது.

இரண்டு சோதனைகளிலும் மாணவர்கள் வேறு, பாடம் வேறு. நேரடியாக ஒப்பிட முடியாது என்று புள்ளியியல் படித்த நண்பர்கள் சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பலவீனமான மாணவனை ஆளில்லாத வகுப்பில் விட்டதும், பலமான மாணவனுக்கு ஆசிரியரோடு நேரத்தைக் கூட்டிக்கொடுத்ததும் தலைகீழாக அல்லவா இருக்கின்றன?

மங்கோலியச் சிறுவனின் கதையை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். அதே மின்சுற்றுப் பாடத்தை 2012இல் முதன்முறையாக உலகுக்குத் திறந்தபோது 1,55,000 பேர் பதிந்தார்கள். ஏழாயிரத்துச் சொச்சம் பேர் தேறினார்கள். முழு மதிப்பெண் பெற்றவர்கள் 340 பேர். அவர்களில் உலான்பாத்தரைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பள்ளி மாணவர் ஒருவர். இணையம் இருந்தால் போதும், மேதை எங்கிருந்தும் முளைப்பான் என்று அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது.

செய்தியில் அழுத்தம் பெறாமல் போன பகுதி ஒன்று உண்டு. அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் மாசசூசெட்ஸ் கழகத்தில் படித்துத் திரும்பியவர். அந்தப் பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். வெளிநாட்டிலிருந்து ஓர் இளம் பொறியாளரை வரவழைத்து, சோதனைக் கருவிகளோடு வாரக்கணக்கில் அங்கேயே தங்கவைத்தார். பிள்ளைகள் கையால் சுற்று அமைத்துப் பார்த்தார்கள், தவறினால் கேட்க ஆள் இருந்தது. அந்த மாணவரின் திறமையை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் தலைமை ஆசிரியரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தது. 1969இல் சாசனம் பெற்று 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. சேர முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. விடியற்காலையிலும் பின்னிரவிலும் பி.பி.சி. தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. வெளியார் கண்ணுக்குப் பட்டது அதுதான். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாங்கியவர்கள் ஊர் ஊராக அமர்த்தப்பட்ட பயிற்றுநர்கள். மாணவர் எழுதி அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையையும் அவர்கள் திருத்தி, கைப்படக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதற்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. அஞ்சல்வழிக் கல்வியை நம் பல்கலைக்கழகங்களும் நடத்தின. மதுரை, அண்ணாமலை, சென்னை மூன்றும் எத்தனையோ லட்சம் பேரைப் பட்டதாரி ஆக்கின. வீட்டிலிருந்தபடி படித்த பெண்கள், வேலை பார்த்துக்கொண்டே படித்த எழுத்தர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள்தாம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் விடுமுறை நாள் தொடர்பு வகுப்புகளோடு நம் துணை நின்றுபோயிற்று.

4. நம் நாட்டு வழி

இனி நம் ஊருக்கு வருவோம். என்.பி.டி.இ.எல். என்று நீங்கள் அன்றாடம் சொல்லும் இலவச இணையப் பாடத் திட்டம் பற்றிய பேச்சு 1999இல் தொடங்கியது. 2003இல் மத்திய அரசின் நிதி கிடைத்தது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தின. ஒருங்கிணைத்தது சென்னை ஐ.ஐ.டி. அன்றைய இயக்குநர் எம்.எஸ். ஆனந்த் இதற்காக உழைத்தது எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்குத் தெரியும். இணைய வேகம் போதாத காலத்தில் பாடங்களை ஹார்டு டிஸ்க்கில் வாங்கிக் கல்லூரிக்குள்ளேயே ஓடவிட்ட நாள்கள் உண்டு. முதலில் அந்தக் காணொலிகளை ஆர்வத்தோடு பார்த்தவர்கள் ஆசிரியர்கள் என்பதையும் சொல்லவேண்டும். மறுநாள் வகுப்பெடுக்க வேண்டிய இளம் விரிவுரையாளர் முந்தின இரவு அதைப் பார்த்துத் தயாரானார். திறந்த பாடத்தால் விளைந்த பெரும் நன்மைகளில் அதுவும் ஒன்று. எந்தச் சான்றிதழ்க் கணக்கிலும் அது வராது.

2014இல் சான்றிதழ்ப் படிப்புகள் தொடங்கின. இங்கே நம்மவர்கள் எடுத்த ஒரு முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். பாடம் இலவசம், வாரப் பயிற்சியும் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் தேர்வு மையத்துக்கு நேரில் வந்து, கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் முக்கால் பங்கு அந்தத் தேர்வுக்கு. இந்தச் சான்றிதழுக்கு இன்று வேலைக்கு எடுப்பவர்களிடம் ஓரளவு மரியாதை இருக்கிறதென்றால் காரணம் அதுதான். 2017 ஜூலை 9ஆம் நாள் மத்திய அரசின் ‘ஸ்வயம்’ இணையப் படிப்புத் தளம் தொடங்கப்பட்ட பிறகு கலை, அறிவியல், வணிகவியல் பாடங்களும் பெருகின. பட்டப்படிப்பின் மதிப்புப் புள்ளிகளில் 20 விழுக்காடு வரை இதன் வழியாகப் பெறலாம் என்று 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது. 2021இல் அதை 40 ஆக உயர்த்தியது.

குறை எங்கே? மாணவர்களே, உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாரப் பயிற்சிக்குக் கெடு முடிவதற்குள் விடைகள் டெலிகிராம் குழுக்களில் வந்துவிடுகின்றன. யூடியூபில் அதற்கென்றே சேனல்கள் இருக்கின்றன. பாடத்தைப் பார்க்காமலேயே ஏ, பி, சி, டி என்று குறித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களைக் குற்றம் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆறு பாடம், ஆய்வகம், இன்டர்னல் தேர்வு எல்லாவற்றுக்கும் மேலே இதையும் ஏற்றி வைத்துவிட்டு, சந்தேகம் கேட்க ஒரு ஆளையும் காட்டாமல் விட்டால், பிள்ளை வேறென்ன செய்யும்? இந்தத் திட்டத்தின் ஒவ்வொரு கல்லூரிக் கிளையிலும் ‘மென்ட்டார்’ என்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பெரும்பாலான இடங்களில் அவருக்குப் பாடவேளை கிடையாது, பணிச்சுமைக் கணக்கிலும் அது சேராது. பதிவு செய்தார்களா, கட்டணம் கட்டினார்களா என்று பட்டியல் எடுப்பதே அவர் வேலையாகிவிடுகிறது.

நான் பணியாற்றிய துறையில் சில பருவங்கள் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கென்று வைத்தோம். அந்த வாரத்துக் காணொலியில் புரியாத பகுதியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவோம். நடுவில் தமிழில் பேசுவோம். பயிற்சிக் கேள்வியில் விடையைச் சொல்ல மாட்டோம், ஏன் மற்ற மூன்று தவறு என்று கேட்போம். அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இறுதித் தேர்வுக்கு அஞ்சாமல் போனார்கள். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை.

தேர்வுக் கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரம் ரூபாய், பிறகு மையம் இருக்கும் ஊருக்குப் போய்வரும் செலவு. தேறியவர்களுக்கு மட்டும் கட்டணத்தைத் திருப்பித் தரும் கல்லூரிகள் இருக்கின்றன. தோற்றுவிடுவோமோ என்று பயந்து பதியாமல் இருக்கும் பிள்ளைக்கு அது உதவாது. முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

40 விழுக்காடு என்ற விதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. காலியான ஆசிரியர் இடத்தை நிரப்பாமல், அந்தப் பாடத்தை ‘ஸ்வயத்தில் படித்துக்கொள்’ என்று தள்ளிவிட நிர்வாகங்களுக்கு ஆசை வரும். 2013இல் அதே சான் ஹோசேயின் தத்துவத் துறையினர் ஹார்வர்டின் மைக்கேல் சாண்டலுக்குத் திறந்த மடல் எழுதி, அவருடைய இணையப் பாடத்தைத் தம் வகுப்பில் பயன்படுத்த மறுத்தார்கள். ஏழை மாணவருக்குத் திரையில் ஆசிரியர், பணக்கார மாணவருக்கு நேரில் ஆசிரியர் என்று பல்கலைக்கழகங்கள் இரண்டாகப் பிரிந்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். அது நியாயமான அச்சம் என்றே நினைக்கிறேன்.

5. கதவின் சாவி யாரிடம்?

இலவசமாகத் தருபவர் நாளை நிறுத்திவிட்டால்? கோர்செரா 2016 ஜூன் இறுதியில் தன் பழைய தளத்தை மூடியபோது அதிலிருந்த பல படிப்புகள் மறைந்துபோயின. எடெக்ஸ் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பிறந்தது. 2021இல் 80 கோடி டாலருக்கு 2யூ என்ற தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்த நிறுவனம் 2024இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மாசசூசெட்ஸின் பழைய பாடக் குறிப்புகளோ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் யாரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், வணிக நோக்கமில்லாமல் மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம். திறந்தநிலை என்று நான் மதிப்பது இந்த உரிமையைத்தான்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் வருத்தமானது. அதன் இலவசக் காணொலிகளில் எழுத்துரை இல்லை, செவித்திறன் குறைந்தவர்களால் பயன்படுத்த முடியவில்லை என்று புகார் எழுந்தது. அமெரிக்க நீதித் துறையும் 2016இல் அதை ஏற்றது. எழுத்துரை சேர்க்கச் செலவாகும் என்று பல்கலைக்கழகம் 2017இல் 20,000க்கு மேற்பட்ட காணொலி, ஒலிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. புகார் முற்றிலும் நியாயமானது. செய்த பரிகாரம் தவறு. பாடத்தை ஏற்றுவதற்கு ஆன செலவோடு அதை எல்லோருக்கும் எட்டச் செய்யும் செலவையும் முதலிலேயே ஒதுக்கியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

6. தமிழில்

உரிமம் என்ற பேச்சு தமிழருக்குப் புதிதன்று. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை அரசு வாங்கியது. பின்னர் அது மக்களுக்கே ஆயிற்று. அன்று தொடங்கி எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியிருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2001இல் அமைந்த இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், ஈழத்து நண்பர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எல்லாம் பொதுவில் வைப்பது என்ற அதே மனத்தில் விளைந்தவை. பெரியசாமித் தூரன் பதிப்பித்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை இன்று கைப்பேசியிலேயே படிக்கலாம். 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட நூற்றுக்கணக்கான தமிழ்க் கல்லூரிப் பாடநூல்களையும் மறந்துவிட வேண்டாம். இயற்பியல், வேதியியல், பொருளியல், உளவியல் என்று எல்லாத் துறைக்கும் நம் பேராசிரியர்கள் தமிழில் எழுதினார்கள்.

இலக்கியத்தில் செய்ததை உயர்கல்விப் பாடத்தில் செய்யவில்லை என்பதே என் மனக்குறை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியபோது மாணவர் கையில் கொடுக்கப் போதிய நூல்கள் இல்லை. இப்போது என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றின் எழுத்து வடிவம் தமிழில் கிடைக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் இயந்திரம் மொழிபெயர்த்ததைப் பாடம் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி பார்க்காவிட்டால் அது படிப்பவனை மேலும் குழப்பும். இங்கும் நாம் வந்து சேர்வது அதே இடத்துக்குத்தான். ஒரு மனிதர் வேண்டும், அவருடைய நேரத்துக்கு மதிப்பு வேண்டும்.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். முதல்வர் அவர்களே, இணையப் படிப்பைக் கவனிக்கும் ஆசிரியருக்கு வாரம் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே போட்டு, பணிச்சுமையில் சேருங்கள். அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் சில மாணவர்களின் தேர்வுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் தேர்வுக்கு முன்பே கொடுக்க முன்வர வேண்டும். பேராசிரிய நண்பர்களே, நீங்கள் நடத்தும் பாடங்களில் ஒன்றின் குறிப்புகளைத் தமிழில் எழுதி, எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு பொதுவில் வையுங்கள். மாணவர்களே, அடுத்த பருவத்துக்குப் பதியும்போது தனியாகப் பதியாதீர்கள். ஒரே படிப்பில் நான்கைந்து பேர் சேருங்கள். வாரம் ஒரு மாலை ஒன்றாக உட்காருங்கள். புரியாததைக் குறித்துக்கொண்டு உங்கள் ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டுங்கள். அவர் பதில் சொல்ல நேரமில்லை என்றால், நேரம் ஒதுக்கித் தரும்படி துறைத் தலைவரிடம் எழுதிக் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.